சம்பந்தி வண்டிக்கு ரேடியோ மாட்டிய விவரம்

சுங்கை பெசார்,
புதன்கிழமை.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி முருகையா அவர்களுக்கு, பெண்ணைப் பெற்ற நல்லசாமி பணிவோடு எழுதிக்கொள்வது.

நீங்களும் சம்பந்தியம்மாவும் தமிழ்நாட்டில் பழனி, மதுரை எல்லாம் நல்லபடியாகச் சுற்றி, கோலா சிலாங்கூர் வந்து அலுப்புத் தீர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், வீட்டுக்காரி புஷ்பா, உங்கள் வருங்கால மருமகள் பிரேமலா மூவரும் சுகம். பத்து நாளைக்கு என் வாசலில் விட்டுப்போன, கட்டிலோடு வீடு மாதிரி இருக்கும் உங்கள் மோட்டார்ஹோமும் சுகம், அதாவது இப்போது சுகம். ‘இப்போது’ என்று எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாகத் தெரியும். ஆகவே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

திங்கட்கிழமை உங்கள் வண்டியிலேயே உங்களை அழைத்துவர நான் விமான நிலையத்துக்கு வராததற்குக் காரணம் டயர் பஞ்சர் இல்லை. நான்கு டயரும் நன்றாகத்தான் இருக்கின்றன. போனில் நான் சொன்னது பொய். அறுபத்தொரு வயதில், பெண் கொடுக்கப் போகிற இடத்தில் பொய் சொல்லிவிட்டு இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. வாட்சப்பில் எழுதலாம் என்றால் நீலக் கோடு விழுந்ததா என்று பார்த்துப் பார்த்தே எனக்குப் பிரஷர் ஏறிவிடும். அதனால் இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை கணேஸ்வரன் கையில் ஒட்டிய உறையில் கொடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வண்டியை எடுக்க வரும்போது எதுவும் உங்களுக்குப் புதிதாகத் தெரிய வரக் கூடாது.

சாவியைக் கொடுக்கும்போது நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்க சம்பந்தி. ரேடியோ பாடாது, அது கம்பெனிக்காரன் கோளாறு, விட்டுடுங்க. கட்டிலுக்கு அடியிலே மட்டும் கைய வைக்காதீங்க.” நீங்கள் போனதும் பிரேமலாவும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “அப்பா, மாமாவுக்கு அந்த வண்டின்னா உசுரு. நீங்க ஏதாச்சும் நோண்டினீங்க, என் கல்யாணம் அவ்வளவுதான்லா.” இரண்டு பேரும் தெளிவாகச் சொன்னீர்கள். நானும் தலையை ஆட்டினேன்.

கெடுத்தது புஷ்பாதான். இல்லை, பாவம், அவளைச் சொல்லக் கூடாது, வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக் கிண்ணம் வந்தால்கூட நாம் வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுப்பதில்லை, ஒரு கரண்டி பாயசமாவது ஊற்றித்தான் கொடுப்போம். “கிண்ணத்துக்கே அப்படி, சம்பந்தி வீட்டு வண்டிய வெறும் வண்டியாவா அனுப்புறது? நம்ம பொண்ணத்தான் நாளைக்குக் கேப்பாங்க” என்றாள். எனக்கும் சுருக்கென்று தைத்தது. உடனே போய், மோட்டார் சாமான் விற்கும் உதுமான் பாய் கடையில் நல்ல ரேடியோவாக ஒன்று வாங்கினேன். “கொண்டாங்கண்ணே, நானே மாட்டித் தாறேன்” என்று அவர் கேட்டார். முப்பத்தோரு வருஷம் செம்பனை எண்ணெய் மில்லில் வயர்மேனாக இருந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? முடியாது என்று வந்துவிட்டேன். அங்கே ஆரம்பித்தது சனியன்.

ரேடியோவிலிருந்து மூன்று வயர் வருகிறது சம்பந்தி. கறுப்பு, வண்டியின் உடம்புக்கு. மஞ்சளில் எப்போதும் கரண்டு இருக்க வேண்டும், இல்லையென்றால் மணியும் ஸ்டேஷனும் மறந்துபோகும். சிவப்பில் கரண்டு வந்தால்தான் அது வாயைத் திறக்கும். உங்கள் வண்டியிலோ இரண்டு பேட்டரி, எஞ்சினைக் கிளப்ப முன்னால் ஒன்று, விளக்குக்கும் காற்றாடிக்கும் ஐஸ் பெட்டிக்கும் கட்டிலுக்கு அடியில் ஒன்று. முதலில் நான் ஒழுங்காகத்தான் செய்தேன், மஞ்சளும் சிவப்பும் முன் பேட்டரியில், சாவி போட்டால் பாடும், எடுத்தால் நிற்கும். புஷ்பா உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “நிறுத்தி வச்சு டீ குடிக்கறப்பதானே பாட்டு வேணும்? ஓடறப்ப அவங்க ரெண்டு பேரும் சண்டதானே போடுவாங்க” என்றாள் (மன்னிக்கவும், அவள் சொன்னதை எழுதினேன்). சரி என்று கட்டிலுக்கு அடியிலிருந்தும் ஒரு வயர் இழுத்தேன். பழையதை எடுக்க மனசு வரவில்லை, இரண்டும் இருக்கட்டும், ஒன்று போனால் ஒன்று பாடும் என்று சேர்த்து முறுக்கிவிட்டேன். ஃபியூஸ் போனது. புதிது போட்டேன், அதுவும் போனது. மில்லில் ஷிப்டு நிற்கக் கூடாதென்று, போன ஃபியூஸின் மேலேயே வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுவோம். பிரேமலா தின்ற சாக்லேட் தாள் கையில் கிடைத்தது, சுற்றிவிட்டேன். பாடியது பாருங்கள், வயல் அந்தக் கரைவரைக்கும் கேட்டது! மூன்று நாள், எஞ்சினைக் கிளப்பாமல், பாட்டை மட்டும் போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை வண்டிக்குப் பூசை. ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம் என்பதால் ஒன்பது அடித்த பிறகுதான் எஞ்சின் பேச வேண்டும், அதுவரை சாமி பாட்டு நிற்கக் கூடாது என்பது புஷ்பாவின் உத்தரவு. ஐந்தரை மணிக்கே போட்டாயிற்று, உள்ளே விளக்கு, காற்றாடி, பழம் வாடாமல் இருக்க ஐஸ் பெட்டி எல்லாம் ஓடுகின்றன. டயருக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சை. ஒன்பது ஐந்துக்குச் சூடம் காட்டிச் சாவியைத் திருப்பினேன். ‘டிக்’ என்றது. மறுபடி திருப்பினேன், ‘டிக் டிக்’. மூன்றாவது தடவை விடாமல் பிடித்தேன். பாட்டு இழுத்துக்கொண்டே போய் நின்றது, கட்டிலுக்கு அடியிலிருந்து புகை வந்தது.

வண்டி எரிந்தால் எரியட்டும், என் பெண் கல்யாணம் எரிகிறது என்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மெத்தையைத் தூக்கி எறிந்தேன், வயர் சிவந்து பலகையைக் கருக்கிக்கொண்டிருக்கிறது, கையாலேயே பிடித்து இழுத்தேன், இரண்டு விரல் பொசுங்கியது. “தண்ணி ஊத்தாதே, தண்ணி ஊத்தாதே!” என்று நான் கத்த, புஷ்பா வாசலில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியைச் செடியோடு தூக்கிவந்து அப்படியே கவிழ்த்தாள். புகை அடங்கியது. பிரேமலா வாசலில் நின்று பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம். டயருக்கு அடியில் நான்கு எலுமிச்சையும் நசுங்காமல் முழுசாக இருந்தன, அதைப் பார்த்துப் புஷ்பா அழ ஆரம்பித்துவிட்டாள்.

உதுமான் பாய் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, “என்னண்ணே இது, ரெண்டு பேட்டரியயும் ஒண்ணாக் கட்டி வச்சிருக்கீங்க? உள்ளே ஓடினதெல்லாம் சேந்து ரெண்டயும் குடிச்சிருச்சு. மிச்சம் இருந்தத எஞ்சின் இந்த ரேடியோ வயரு வழியா இழுத்திருக்கு. தாங்குமாலா?” என்றார். வெள்ளித்தாளைக் கையில் எடுத்து என் முகத்தையும் பார்த்தார், மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தன் காரிலிருந்து கேபிள் போட்டு எஞ்சினைக் கிளப்பியபோது மணி பத்து நாற்பது. ஒன்றரைக்குள் உங்களிடம் வந்திருப்பேன். வண்டி நகரப் போகிற நேரத்தில் புஷ்பா முன்னால் வந்து நின்று கையை விரித்தாள். “பத்தரைக்கு எமகண்டம் பொறந்தாச்சு! பன்னெண்டு வரைக்கும் ஒரு அடி நகரக் கூடாது!” அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்து பஞ்சர் என்றேன். நீங்கள் டயரைப் பற்றிக் கேட்கவே இல்லை. “கட்டிலுக்கு அடியிலே யாராச்சும் பாத்தாங்களா?” என்றுதான் கேட்டீர்கள். உங்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டேன்.

இப்போது பாய் எல்லாவற்றையும் பிரித்து ஒழுங்காகக் கட்டிவிட்டார். ஒரு சுவிட்ச் இருக்கிறது, மேலே தள்ளினால் எஞ்சின் பேட்டரி, கீழே தள்ளினால் கட்டில் பேட்டரி, இரண்டும் ஒருநாளும் சேராது. இரண்டு பக்கமும் சரியான ஃபியூஸ். மிச்சம் இருப்பது பலகையில் உள்ளங்கை அகலக் கருகல் ஒன்றுதான். அதை நான் மறைக்கவில்லை. திட்ட வேண்டுமானால் என்னைத் திட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை நாலு பேருக்கு முன்னால் நின்று வாங்கிக்கொள்கிறேன். சிகரெட்கூடத் தொட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு என்று சம்பந்தியம்மா பெருமையாகச் சொல்லும் ஒழுக்கமான மனிதர் நீங்கள். என் அவசரப் புத்திக்காக என் பெண்ணை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் என்னைப் போல இல்லை, சொன்ன பேச்சைக் கேட்பாள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். உங்கள் குடும்பம் முருகன் அருளால் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த
நல்லசாமி

பி.கு: உறையை ஒட்டுவதற்கு முன்னால், கட்டிலுக்கு அடியில் கிடந்த கறிவேப்பிலை மண்ணைக் கூட்டி அள்ளலாம் என்று போனேன். மூலையில் பலகையோடு ஒட்டிக் கறுப்பு டேப்பு ஒன்று இருந்தது, உரித்தேன். அடியில் இன்னொரு கருகல். நான் செய்தது இல்லை, இது பழையது, என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரியது. பக்கத்தில் பாடாத ரேடியோவின் ஃபியூஸ் கூடு, அதில் சுற்றிய வெள்ளித்தாள். சாக்லேட் தாள் இல்லை சம்பந்தி, சிகரெட் பெட்டித் தாள். நீங்கள் வண்டியைப் புத்தம் புதிதாக வாங்கியது போன வருஷம்தானே?

மேலே எழுதியது எதையும் நான் எழுதவில்லை. படித்ததும் கிழித்துவிடுங்கள், சம்பந்தியம்மா கண்ணில் படக் கூடாது. டேப்பைத் திரும்ப ஒட்டிவிட்டேன், இரண்டு கருகலுக்கும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் முதல் வேலையாக, அந்தப் பஞ்சரான டயர் எது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேளுங்கள். இடது பக்கம், பின்னால்.