என் முகத்தை நீக்கக் கோரி

அன்புள்ள மருமகனுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நானும் உன் அத்தையும் நலம். என் பற்களைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. அந்த விவரம் கீழே வருகிறது. நீயும் உன் கம்பெனியாரும், அங்கே நாள்தோறும் செத்து விழுகிறவர்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வீடியோ கேம் செய்யும் கம்பெனியில் நீ சேர்ந்தபோது, 'கொலை செய்து சம்பளம் வாங்குகிறான்' என்று உன் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் சொன்னதும், நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதும், அதன்பிறகு என் வீட்டு வாசலை மிதிக்காததும் இந்தக் கடிதத்தின் விஷயமல்ல. அதையெல்லாம் நான் மறந்துவிட்டேன். வாரம் ஒரு தடவையாவது மறக்கிறேன். விஷயம் வேறு.

சென்ற வாரம் கடைவாய்ப் பல்லுக்காக எங்கள் கட்டடத்துக் கீழ்த்தளத்துப் பல் டாக்டரிடம் போயிருந்தேன். மனிதர் கெட்டிக்காரர்தான், ஆனால் ஊசி போட்டுவிட்டு வாய் மரத்துப்போகும்வரை சும்மா இருக்கத் தெரியாதவர், சுவரில் இருக்கும் திரையில் உங்கள் கம்பெனி விளையாட்டைப் போட்டுவிட்டார், உயரமான ஒரு கட்டடம், அதற்கு முதலாளியாக ஒரு பொல்லாத கிழவன், அவனைத் தீர்த்துக்கட்ட உள்ளே நுழைகிற கூலிக் கொலைகாரன், அந்தக் கொலைகாரன் நம் டாக்டர். என் வாய் நிறையப் பஞ்சு. முதலாளி திரும்பினான். வழுக்கை என்னுடையது. தொண்டையைச் செருமியதும் என்னைப் போலவே. லிஃப்டுக்கு முன்னால் போய் நின்று, கதவை மோதிர விரலால் மூன்று தரம் தட்டினானே, அதை இந்த உலகத்தில் என்னைத் தவிர வேறு யார் செய்வார்கள்? லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வேலையில் இருந்த காலமெல்லாம் சத்தம் சரியாக இருக்கிறதா என்று நான் தட்டிப் பார்க்காத கதவு உண்டா? லீவு நாட்களில் உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன், "கதவு தொறந்தா மட்டும் போதாதுடா, பெட்டி வந்திருக்கான்னு பாத்துட்டுக் கால வை" என்பேன், நீயும் எக்கி நின்று உன் சின்ன விரலால் தட்டுவாய். அவன் மூன்றாவது தடவை தட்டி, கதவு திறப்பதற்குள் டாக்டர் என்னைச் சுட்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து மொட்டைமாடியிலிருந்து தள்ளினார். அப்புறம் காப்பியில் விஷம். பொறுக்கமுடியாமல் நான் முனகினேன். வலிக்கிறது போலிருக்கிறது என்று இன்னொரு ஊசி போட்டார்.

வீக்கம் வடிந்ததும் மேல்தளத்து வக்கீலம்மாவிடம் போய், இந்த விளையாட்டைத் தடை செய்ய வேண்டும் என்றேன். எதற்காக என்று கேட்டார். கொலை என்றேன். கதையில் கொலை குற்றமில்லை என்றார். திருட்டு, லஞ்சம், போலீஸ்காரரை உதைப்பது என்று விரல் மடக்கினேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "அருவருப்பா இருக்குங்கிறதுக்காகச் சட்டம் எதையும் தடுக்காது சார். கொழந்தைங்கள ஆபாசமாக் காட்டினாத் தடுக்கும். நிஜத்துல இருக்கற ஒரு கூட்டத்தப் போய் வெட்டுங்கன்னு தூண்டிவிட்டாத் தடுக்கும். பெரியவங்களுக்குன்னு முத்திரை குத்தினதச் சின்னப் பசங்களுக்கு வித்தா, வித்தவன் மாட்டுவான். மத்தது புடிக்கலேன்னா அணைச்சுட வேண்டியதுதான்."

விடுவேனா? அந்தக் கட்டடத்தில் பெட்டி வராமலே லிஃப்ட் கதவு திறந்துகொள்கிறது, காவலாட்கள் வரிசையாக உள்ளே கால் வைத்துக் குழியில் விழுகிறார்கள், இது லிஃப்ட் விதிகளின்படி நேரே சிறைத்தண்டனைக்கு உரியது என்றேன். வக்கீலம்மா வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, திரையில் ஓடும் லிஃப்டுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றார். இத்தனை பேர் விழுகிறார்களே என்றேன். அவர்களும் திரையில்தான் என்றார்.

கடைசியில் ஒரு பிடி கிடைத்தது. உயிரோடு இருப்பவரின் முகத்தை அவரைக் கேட்காமல் எடுத்து, அவரைக் கெட்டவனாகக் காட்டி, அவர் பெயரைக் கெடுத்தால் சட்டம் கேட்குமாம். ஆனால் பார்க்கிற நாலு பேர் 'இது அவர்தான்' என்று சொல்ல வேண்டுமாம். அதற்கென்ன என்று டாக்டரிடம் முதலாளியின் படத்தை வாங்கி எங்கள் கட்டடக் காவல்காரரிடம் காட்டினேன். தண்ணீர்த் தொட்டி கழுவ வருகிறவரா என்று கேட்டார். உன் அம்மாவுக்கு அனுப்பினேன். யாராவது காணாமல் போய்விட்டார்களா என்று பதறினாள். உன் அத்தையிடம் நீட்டினேன். "யாரு இது, நல்லா களையா இருக்காரே" என்றாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் என்னைப் பார்த்து அவள் சொல்லாத வார்த்தை. வழக்கு நிற்காது என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார்.

ஆக, அது நான்தான் என்பது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். எனக்கு வருத்தம் இப்போது சட்டத்தைப் பற்றியதில்லை. இத்தனை நாள் என் முகத்தைப் பார்க்க வராத நீ, அதே முகத்தை உட்கார்ந்து சுருக்கம் சுருக்கமாக வரைந்து, ஊரார் சுடட்டும் என்று கொடுத்திருக்கிறாயே, அவ்வளவு கோபமா என்மேல்? அந்த முகத்தை உடனே நீக்கிவிட வேண்டியது. வேறு யார் முகத்தையாவது வைத்துக்கொள். இதற்குமேல் நமக்குள் பேச எதுவும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, வேலையில் மேன்மேலும் உயர்ந்து நன்றாக இரு என்று வாழ்த்தும்,

உன் தாய்மாமன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு, போகிற வழியில் பல்லைக் காட்டப் போனேன். டாக்டர் வழக்கம்போல விளையாட்டில் இருந்தார். முதலாளியை எப்படியோ லிஃப்டு வரைக்கும் இழுத்து வந்துவிட்டார். அவன் மூன்று தரம் தட்டினான். கதவு திறந்தது, உள்ளே பெட்டி இல்லை. எட்டிப் பார்த்தான், ஒரு அடி பின்னால் வைத்தான், அப்படியே நின்றுவிட்டான். டாக்டர் சலித்துக்கொண்டார்: "எப்படி வேணா இவரக் கொல்லலாம் சார், இந்தக் குழியில மட்டும் தள்ளவே முடியல. எல்லாரும் விழறாங்க. இவரு பாக்காமக் காலே வைக்க மாட்டேங்கறாரு. யாரோ வேணும்னே அப்படிப் பண்ணி வச்சிருக்கான்." பல்லைக் காட்டாமலே எழுந்து வந்துவிட்டேன்.

உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். முகம் இருக்கட்டும், சுடுகிறவர்கள் சுடட்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. எங்கள் கட்டடத்து லிஃப்டைக் காலையில் தட்டிப் பார்த்தேன், சத்தம் சரியில்லை. படியேறி வா.