குளிர்ச்சிச் சித்தரும் கொதித்த காரும்

செவ்வாய்க்கிழமை என்றால் செம்பாக்கம் ஏரிக்கரையில் கார்கள் பானெட்டைத் திறந்துகொண்டு வரிசையில் நிற்கும். எல்லாம் குளிர்ச்சிச் சித்தரைப் பார்க்கத்தான். கொதிக்கிற எஞ்சினை மந்திரம் சொல்லியே ஆற்றிவிடுவாராம். மனிதர்களுக்கு அவர் வைத்தியம் பார்ப்பதில்லை. குணமாகாவிட்டால் மனிதன் திரும்பி வந்து சட்டையைப் பிடிப்பான், கார் பிடிக்காது. சித்தர் விவரமான ஆள்.

டாக்சி ஓட்டும் சம்பந்தமும் அன்று வரிசையில் நின்றார். எஞ்சின் வேலை பார்த்து வண்டியை எடுத்து வந்த நாளிலிருந்து அவருக்குத் தலைவலி. ஓடும்போது கார் சமர்த்தாக இருக்கும். சிக்னலில் நின்றால் போதும், சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடும். வேலை பார்த்த மெக்கானிக்கோ போனை எடுப்பதே இல்லை.

பின் சீட்டில் கங்கையம்மாள் உட்கார்ந்திருந்தார். வாரம் மூன்று நாள் அவரை டயாலிசிஸுக்குக் குரோம்பேட்டை கூட்டிப்போவது சம்பந்தம்தான். போன சனிக்கிழமை கேம்ப் ரோடு சிக்னலில் கார் புகைந்து நின்றுவிட, போய்ச் சேர வெகு நேரமாகி, அந்தம்மாவுக்கு மூச்சு இரைத்துவிட்டது. இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் போயாக வேண்டும்.

"இன்னாத்துக்கு சம்பந்தம் எஞ்சினை ஓட வுட்டுனே நிக்கிற?" என்றார் கங்கையம்மாள்.

"அணைச்சா முனி ஒளிஞ்சுக்குமாம்கா. சாமி உத்தரவு."

சித்தர் வந்தார். காவி வேட்டி, கழுத்தில் பழைய ஸ்பார்க் பிளக்குகளைக் கோத்த மாலை. பக்கத்திலேயே சீடர் கதிரேசன், கையில் காணிக்கைக்கான கியூ.ஆர். அட்டையோடு. சாமிக்குக் காசு என்றால் ஆகாது. போனில் வந்தால் தோஷமில்லை.

"மகனே, இது சிக்னல் முனி! வண்டி நிற்கும் இடத்தில் ஏறும், ஓடினால் இறங்கிவிடும்!"

"கரெக்டா சொல்லிட்டாரே!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஐந்து நிமிடம் முன்னால் சம்பந்தம்தான் இதைச் சீடரிடம் சொன்னார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. சம்பந்தமே யோசிக்கவில்லை.

சாம்பிராணிப் புகை கிளம்பியது. புகைக்குள் தலையையும் இரண்டு கைகளையும் விட்டுச் சித்தர் முணுமுணுத்தார். சிவப்பில் நின்ற முள் பொத்தென்று அடியில் விழுந்தது. சம்பந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"எஞ்சின் இனி ஏரித் தண்ணீர்! தாராளமாக ஓட்டு!"

கங்கையம்மாள் மெல்ல இறங்கி பானெட் பக்கம் வந்தார். "முள்ளு எறங்கிச்சு. சரி. உள்ள இன்னாத்துக்கு இன்னும் தளதளன்னு கொதிக்குது?"

"அது முனி அழும் ஓசை, தாயே."

"அப்படியா? சில்லுனு ஆயிடுச்சுன்னா அந்த ரேடியேட்டர் மூடியை உங்க கையால தொறந்து காட்டுங்க சாமி."

சித்தர் இரண்டடி பின்னால் போனார். "மௌன விரதம் தொடங்கும் நேரம்."

"நீங்க எதுக்கு சாமி? உங்க பேரை சொல்லி நான் தொறக்கறேன்!" பக்தி தலைக்கேறிய கதிரேசன் கையை நீட்டினார்.

"டேய் கயிதே! கைய வெக்காதடா, வெந்து பூடுவே!" என்று அலறினார் சித்தர். மௌனமும் போனது, செந்தமிழும் போனது.

கதிரேசன் தன் கையையும் சாமியையும் மாறி மாறிப் பார்த்தார். சம்பந்தம் எஞ்சினை அணைத்துவிட்டுக் குனிந்தார். முள்ளுக்குப் போகும் வயர் பிடுங்கப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பிவைத்து அதை மாட்டியதும் முள் விறுவிறுவென்று சிவப்புக்கு ஓடியது.

"அடப்பாவி! இதை நம்பி சிக்னல்ல நின்னிருந்தா எஞ்சினே பூட்டிருக்கும். அக்கா நடுரோட்டுல மாட்டிகினு இருந்திருப்பாங்களே!" என்றார் சம்பந்தம்.

"எனக்கு மாட்டுற மெஷினும்தான் அப்பப்போ கத்தும். அலாரம் வயரைப் புடுங்கிட்டா என் கிட்னி சரியாயிடுமா?" என்றார் கங்கையம்மாள். "ஓடறப்ப எதுர்காத்து அடிக்குது, சூடு ஏறல. நின்னா ஏறுது. அப்போ நிக்கறப்ப காத்து அடிக்க வேண்டியது எது?"

"ஃபேன்கா!"

ரேடியேட்டர் ஃபேனின் பிளக், மெக்கானிக் மாட்ட மறந்து, ஓரமாகக் கிடந்தது. மாட்டியதும் ஃபேன் சுழன்றது. சிக்னல் முனி என்பது கைக்கடக்கமான ஒரு பிளக்.

அதற்குள் மற்றவர்களும் தங்கள் பானெட்டுக்குள் தலையை விட்டார்கள். ஏற்கெனவே அருள் பெற்ற வண்டிகளிலெல்லாம் அதே வயர் தொங்கியது. சித்தரைத் தேடினால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்கரையோடு ஓடிக்கொண்டிருந்தார். நாலு பேர் துரத்தினார்கள்.

எஞ்சின் ஆறி, தண்ணீர் ஊற்றி, கார் கிளம்பும்போது மணி பதினொன்று. நேரம் இருந்தது. அப்போது கதிரேசன் ஓடி வந்து கங்கையம்மாள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே! நீங்கதான் நெஜ சாமி! என் வண்டியையும் ஒரு தபா தொட்டுக் குடுங்க!" பின்னாலேயே ஏழெட்டுப் பேர் கும்பிட்டபடி வந்தார்கள்.

கங்கையம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

"உன் வண்டிக்கு ஒண்ணும் இல்ல, எந்திரி. உன் கழுத்துக்கு மேல ஒண்ணு கீதே, மொதல்ல அதுக்கு பிளக்கை மாட்டு!"