ஐம்பது உக்கி போட்டால்தான் வண்டி கிளம்பும்

உட்கார்ந்தே செய்கிற தொழிலை எழுந்தும் உட்கார்ந்தும் செய்த மனிதர் உலகத்திலேயே எங்கள் உக்கி அண்ணன் ஒருவர்தான்.

அருப்புக்கோட்டையிலிருந்து எம்.ரெட்டியபட்டிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். அங்கே ஒரு பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை. ஆள் நிறையாமல் ஆட்டோ கிளம்பாது. மற்ற டிரைவர்கள் அந்த நேரத்தில் டீ குடிப்பார்கள். அண்ணன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்து உக்கி போடுவார்.

முதல் நாள் பரளச்சிக்காரப் பெண் ஒருத்தி ஏறப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எண்ணே, யாரும் தண்டனை குடுத்திருக்காகளா?"

"இல்லத்தா, சுகரு. டாக்டரு நடக்கச் சொன்னாரு. வண்டிய விட்டுட்டு நடந்தா என் முறை போயிரும்ல?"

உண்மையில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாலும் அவர் முறை போய்க்கொண்டுதான் இருந்தது. ஸ்டாண்டில் வரிசை உண்டு. ஆனால் எந்த இளவட்டம் குறுக்கே வண்டியை விட்டாலும் அண்ணன் கூனிக்கொண்டு சிரிப்பார். "போகட்டும்ப்பா." காலையில் கூட்டம் உள்ள டிரிப்பெல்லாம் இப்படியே போகும். வீட்டில் மனைவி, "ஒரு வார்த்தை கேக்க வாய் வராதா?" என்று கேட்பாராம். அதற்கும் அதே சிரிப்புதானாம்.

முதல் வாரம் ஐந்து உக்கிக்கே மூச்சு வாங்கினார். எண்ணும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

"நீங்க எண்ணுங்க சார். நானே எண்ணுனா ரெண்டு மூணு கூடச் சொல்லிருவேன்."

கொஞ்சம் தேறியதும் எங்களையும் விடவில்லை. முழங்கால் வலி என்று சொன்ன ஒரு அம்மாளிடம், போகிற வழியிலேயே காலை நீட்டி மடக்கச் சொன்னார். "பத்துப் பேரு இருக்கிற வண்டியில கால வைக்கவே எடமில்ல, இதுல எங்கிட்டுய்யா நீட்ட?" என்று அந்த அம்மாள் பிடித்த பிடியில், வழியில் பந்தல்குடி வரும்வரை அண்ணன் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நாலு மாதத்தில் ஐம்பதைத் தொட்டார். ஒருநாள் தலையைத் தடவிக்கொண்டு வருத்தமாகச் சொன்னார்.

"வண்டியோட கூரை இறங்கிருச்சு சார். தலையில இடிக்குது."

கூரை இறங்கவில்லை. இத்தனை வருடம் கூனியே ஓட்டியவர் நிமிர்ந்துவிட்டார். அதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. அண்ணனின் முறை. நான் முப்பத்தெட்டு வரை எண்ணியிருந்தேன். ஒரு இளவட்டம் தன் ஆட்டோவைக் குறுக்கே நிறுத்தி, "ரெட்டியபட்டி, ரெட்டியபட்டி!" என்று கூவ ஆரம்பித்தான். எங்கள் வாய்கள் "போகட்டும்ப்பா"வுக்குத் தயாராகிவிட்டன.

அண்ணன் கம்பியை விட்டார். நேராகப் போய் அவன் வண்டிக்கு முன்னால் நின்றார்.

"ஏலே, இது என் முறை."

குரல் நடுங்கியது. கால் நடுங்கவில்லை.

"எப்பவும் விட்டுருவீகளேண்ணே?"

"அது நேத்து வரைக்கும்."

அவன் ஹாரன் அடித்தான். அண்ணன் நகரவில்லை. அதோடு விட்டாரா? "சார், விட்ட எடத்துல இருந்து எண்ணுங்க" என்று அங்கேயே மிச்ச உக்கியைப் போட ஆரம்பித்துவிட்டார். நான் முப்பத்தொன்பது என்றேன். நாற்பதைப் பரளச்சிப் பெண் சொன்னாள். நாற்பத்தைந்துக்கெல்லாம் ஸ்டாண்டே எண்ணியது, முழங்கால் வலி அம்மாள் உட்பட. ஐம்பதில் அவன் வண்டியைப் பின்னால் எடுத்தான்.

அண்ணன் வந்து சீட்டில் உட்கார்ந்தார். "சார், கொஞ்சம் தண்ணி குடுங்க. எனக்கு இப்படிப் பேசிப் பழக்கமில்ல" என்றார். பாட்டிலைக் கொடுத்தேன்.

இப்போது எனக்கு நரிக்குடிக்கு மாற்றல். பஸ்ஸுக்கு நிற்கும்போது, யாரும் பார்க்கவில்லை என்றால், நானும் ஒரு கம்பியைப் பிடித்து உக்கி போடுகிறேன். இருபதைத் தாண்டியதில்லை. அதற்கு மேல் போக, பக்கத்தில் நின்று அவர் எண்ண வேண்டும்.