உறியில் ஆடிய தயிர்

அரைகுறையாகப் படித்தவனிடம் தயிரை ஒப்படைக்கக்கூடாது. இதை யாரும் எழுதி வைக்காததால், 1979இல் எங்கள் அக்காவின் கலியாணத்தன்று எட்டு மண்முட்டி எருமைத் தயிரை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

அப்போது நான் உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். கிணற்றில் வாளி ஆடினால் நின்று எண்ணுவேன். பக்கத்து வீட்டுத் தொட்டில் ஆடி ஓய்ந்தால், "தணிந்த அலைவு!" என்று உரக்க அறிவிப்பேன். (பிள்ளை மறுபடி எழும்பிவிடும்.)

மாப்பிள்ளை வீட்டார் ஆசையாகக் கேட்டது ஒன்றே ஒன்று: மத்தியானப் பந்தியில் எங்கள் மல்லாவிப் பக்கத்து எருமைத் தயிர். "தயிர் வராட்டி என்ரை மானம் போயிடுமடா" என்று அம்மா மூன்று தரம் சொல்லி அனுப்பினார்.

தயிர் நாலு மைல் தள்ளியிருந்த எருமைப் பட்டியில் இருந்தது. உழவு இயந்திரம் ஓட்டி வந்தவர் முத்தையா அண்ணை, மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறியவர். அவர் இயந்திரத்தின் பின்னால் பூட்டியிருந்த பெட்டிக்குள் வைக்கோலைப் பரப்பினார்.

"தம்பி, இதுக்குள்ள புதைச்சிட்டா ஒண்ணும் ஆகாது."

"இல்லை அண்ணை, றோட்டு முழுக்கக் கிடங்கும் பள்ளமும். உறியிலை தொங்கவிடுவம். ஆடும், பிறகு தானா ஓயும். காத்து தடுக்கும்."

"காத்தா?"

"ஓம். அதுக்குச் சூத்திரம் இருக்கு."

சூத்திரம் என்றதும் பாவம், மனிதர் வைக்கோலை ஓரமாகத் தள்ளிவிட்டார். பட்டிக்காரர் வீட்டு உறிகளையெல்லாம் இரவல் வாங்கி, பெட்டிக்கு மேலே ஒரு தடியைக் கட்டி, எட்டையும் வரிசையாகத் தொங்கவிட்டேன். கீழே நான் கைகளைக் கட்டிக்கொண்டு விஞ்ஞானியாக உட்கார்ந்தேன்.

முதற் கிடங்கில் முட்டிகள் ஆடின, ஓய்ந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவதில் ஆடியவை ஓய்வதற்குள் மூன்றாவது கிடங்கு வந்துவிட்டது. வெறுங்காற்று எத்தனையைத்தான் தடுக்கும்? ஒவ்வொரு கிடங்கும் ஒரு தள்ளுத் தள்ள, ஆட்டம் கூடிக்கொண்டே போனது. (புத்தகத்தில் இது அடுத்த அத்தியாயம். நான் அதுவரை போகவில்லை.)

"அண்ணை, நிப்பாட்டுங்கோ!"

இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. ஓரத்து முட்டி அடுத்ததை இடித்தது, அது அதற்கடுத்ததை. ஏழு முட்டிகள் என் தலைக்கு மேலே உடைந்தன. எட்டாவதை எழும்பிக் கட்டிப்பிடித்தேன். தடி முறிந்து முட்டியும் நானுமாக விழுந்தோம்; அதுவும் உடைந்தது.

கலியாண வீட்டில் நான் இறங்கியபோது சரியாகத் தாலி கட்டும் நேரம்.

"எங்கையடா தயிர்?" என்றார் அம்மா.

என் காதுக்குள்ளும் இருந்தது. வெட்கத்தில் செத்துப்போனேன்.

மணவறையில் குனிந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று மாப்பிள்ளை பதறிப்போக, அக்கா வெடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மாப்பிள்ளைக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டே மூன்று முடிச்சுப் போட மனிதர் பட்ட பாடு! பந்தியில் யாரும் தயிர் கேட்கவில்லை. சிரித்தே வயிறு நிறைந்திருந்தது.

இந்தக் கதையும் கொஞ்ச நாள் ஆடிவிட்டு ஓய்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு விசேஷத்திலும் அத்தான் அதை ஒரு தள்ளுத் தள்ளிவிடுகிறார். எட்டு முட்டி பன்னிரண்டானது, இருபதானது. போன மாதம் அக்காவின் மகள் தன் புது மாமியாருக்குச் சொன்னபோது முப்பது.

"அவ்வளவும் உங்கடை தலையிலையோ, தம்பி?" என்று அந்த மனுஷி பரிதாபமாகக் கேட்டார்.

"ஓம்" என்றேன்.