ஓராண்டுக் கட்டு

காவிரிக் கரையில் மனிதன் உருவாக்கியவற்றுள் கல்லணைக்கு அடுத்தபடியாக நிலைத்து நிற்கப்போவது, தஞ்சாவூரில் அடியேன் காப்பாளராக இருந்த ‘காவிரிப்படுகை மகா ஆவணக் காப்பகம்’தான். வசம்பும் அந்துருண்டையும் மணக்கும் அலமாரிகளில், சிவப்புத் துணிக் கட்டுகளாக வரலாறு உறங்கியது. அதை எழுப்ப நாங்கள் யாரையும் விட்டதில்லை.

உழுபவனுக்கே உரிமை என்று மேடைக்கு மேடை முழங்கிய காலம். குத்தகைக்காரர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது; மனுக்கள் குவிந்தன. எங்கள் தரம்பிரிப்புக் குழு ஏழு முறை கூடி, ‘விஞ்ஞானபூர்வமாக’ ஒரு முடிவெடுத்தது. கையெழுத்திட்ட காகிதங்கள் நிரந்தரக் கட்டுக்கு. கைநாட்டு வைத்தவை ஓராண்டுக் கட்டுக்கு, பிறகு நெருப்புக்கு. கைநாட்டு மையில் எண்ணெய் இருக்கிறதாம், பூச்சி வருமாம். மிராசுதார்கள் அனைவரும் கையெழுத்திடுபவர்களாக அமைந்தது தற்செயல்.

ஒரு செவ்வாய்க்கிழமை சகாயம்மாள் வந்தார். அவர் கணவர் அந்தோணிமுத்து இருபது வருடம் ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். அவர் இறந்ததும், ‘வெறும் கூலியாள்தான்’ என்று மிராசுதார் வழக்குப் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை விசாரணை.

“எங்க வீட்டுக்காரரு குத்தகைப் பதிவுக்கு மனு குடுத்தாரு சார். அதுக்கு நகல் வேணும். இல்லாட்டி நட்ட வயல்லேருந்து வெளியேத்திருவாங்க.”

“கையெழுத்தா, கைநாட்டா?”

“கைநாட்டுதாங்க.”

அழிப்புப் பதிவேட்டைப் பயபக்தியுடன் திறந்தேன். “இதோ பாருங்கம்மா. அந்தோணிமுத்து, குத்தகை மனு, ஐந்து மா. முறைப்படி எரிக்கப்பட்டது. கீழ என் கையெழுத்து. எவ்வளவு அழகா வச்சிருக்கோம்!”

அந்த அம்மாள் அழவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

“எரிச்சீங்கன்னா, மனு இருந்துச்சுன்னுதானே அர்த்தம்? அப்ப இந்தப் பக்கத்துக்கே ஒரு நகல் குடுங்க சார். கோர்ட்ல காட்டிக்கிறேன்.”

இருபத்திரண்டு வருட சர்வீசில் இப்படி ஒருவர் கேட்டதில்லை. பதிவேட்டைச் சட்டென்று மூடினேன்.

“தாராளமா தர்றேன். மனு எழுதிக் குடுங்க.”

வெளியே போய் யாரிடமோ எழுதி வாங்கிக்கொண்டு வந்து, என் கண்ணெதிரே கைநாட்டு வைத்து நீட்டினார்.

விதி என்றால் விதிதான். கைநாட்டு மனு மை உலர முப்பது நாள் கட்டில் இருந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை அதற்காகக் காத்திருக்கவில்லை. சகாயம்மாள் நட்ட நெல் மிராசுதார் களத்தில் அடிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு அந்த மனுவையும் முறைப்படி எரித்து, பதிவேட்டில் கையெழுத்திட்டேன். அவர் நிலத்தைப் பறித்தது யார் என்று என்றைக்காவது யாராவது விசாரிக்க வந்தால், அலைய வேண்டியதில்லை. என் கையெழுத்து நிரந்தரக் கட்டில் பத்திரமாக இருக்கிறது.