கொடிப் பாட்டில் உங்கள் குரலைக் குறைத்தது பற்றி

திண்டிவனம்,
வியாழக்கிழமை மதியம்.

மரியே வாழ்க.

மதிப்பிற்குரிய செபஸ்தியான் மாமாவுக்கு, உங்கள் தங்கை மேரியின் மகள் ஜெர்லின் தோத்திரம் சொல்லி எழுதுவது. போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் நீங்கள் பேசி முடிப்பதற்குள் நான் 'சரிங்க மாமா' என்று சொல்லிவிடுகிறேன். எதற்குச் சரி சொன்னேன் என்பது போனை வைத்த பிறகுதான் எனக்கே தெரிகிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து உங்களிடம் நான் பேசியதெல்லாம் அந்த இரண்டு வார்த்தைதான். காகிதம் என்னைக் கூப்பிடாது, அதட்டாது. அதனால் கொஞ்சம் தாக்குப்பிடிப்பேன் என்று நினைக்கிறேன்.

விழுப்புரத்தில் நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். அத்தையின் முட்டிவலி தேவலை என்று கேள்விப்பட்டோம். ஊரில் அம்மா நலம், மல்லாட்டைக் கொல்லைக்குக் களையெடுக்கப் போய்க்கொண்டிருக்கிறார். நான் வேலை பார்க்கும் ரெக்கார்டிங் ஸ்டுடியோவும் நலம், கீழ்க்கடையில் ஃபிளக்ஸ் பேனர் அடிக்கிற மெஷின் ஓடாத நேரங்களில்.

விஷயம் இதுதான் மாமா. நாளை சாயந்திரம் நம் மாதா கோயில் கொடியேற்றம். ஒன்பது நாளும் குழாய் ஸ்பீக்கரில் ஓடப்போகிற கொடிப் பாட்டில் உங்கள் குரலை நான் குறைத்துவிட்டேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் நல்ல மைக் ஒன்றுதான் என்பதால் எட்டுப் பேரும் தனித்தனியாக வந்து பாடினீர்கள் அல்லவா? ஒவ்வொரு குரலும் கம்ப்யூட்டரில் ஒரு ட்ராக். ஒவ்வொரு ட்ராக்குக்கும் திரையில் மேலும் கீழும் நகர்கிற ஒரு பட்டை இருக்கும், அதை ஃபேடர் என்போம். யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் நிற்பது என்று அந்தப் பட்டைகளை நகர்த்தித்தான் பாட்டின் சுபாவத்தையே முடிவு செய்வது. அது என் வேலை. ஆனால் பாடியவர்கள் எல்லோருக்கும் ஃபேடர் என்ற ஒன்று இருப்பது எப்படியோ தெரிந்துவிட்டது. ஆரோக்கியசெல்வி அக்கா முதல் ஆளாக மாடியேறி வந்து, திருவிழாவுக்கு மாமியார் வருகிறார், பாட்டு ஓடும்போது இதுதான் என் குரல் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும் என்றார். ஏற்றினேன். கீபோர்டு வாசித்த லூர்து பிரகாஷ் அண்ணன் வந்து, கீபோர்டு பக்கத்து ஊரில் வாசிப்பது மாதிரி இருக்கிறது என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். ஏற்றினேன். எங்கள் முதலாளி தென்னரசு அண்ணனாக இருந்தால் மவுசைத் தொடாமலேயே "ஏத்தியாச்சுங்க, இப்ப கேளுங்க" என்பார், கேட்டவர்களும் "ஆங், இப்பதான் நல்லாக்கீது" என்று மகிழ்ந்து போவார்கள். அவருக்கு அது வருகிறது. எனக்கு வரவில்லை. நான் நிஜமாகவே ஏற்றினேன், எல்லோரையும்.

அப்புறம் நீங்கள். தினம் சாயந்திரம் ஆறு மணிக்கு விழுப்புரத்திலிருந்து போன் செய்து, முப்பது வருஷமாக முன்னால் நிற்கிற குரல் இந்த வருஷமும் முன்னால்தான் நிற்க வேண்டும் என்றீர்கள். 'சரிங்க மாமா' என்று ஏற்றினேன். ஏழு நாள், ஏழு முறை. ஏழாவது முறைக்குப் பிறகு நீங்கள் கேட்கிறவர் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பாடினீர்கள். மற்றவர்கள் எங்கேயோ தள்ளி ஒலக்கூரிலிருந்து கூடப் பாடினார்கள்.

எட்டாவது ட்ராக் யாருடையது என்று நீங்கள் கேட்கவே இல்லை. எட்டாவதாக வரவேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அன்றைக்கு அம்மா எனக்குச் சாப்பாடு கொடுக்க வந்திருந்தார். "அக்கா, நீங்களே நின்னு பாடிட்டுப் போங்க" என்று தென்னரசு அண்ணன் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலில் போடுவது போல் தலைக்கு முந்தானை போட்டுக்கொண்டு, மைக்கை விட்டு ஆறடி தள்ளிக் கதவோரம் நின்றார். கிட்ட வாங்க, மைக் கடிக்காது என்று அண்ணன் கூப்பிட்டதற்கு, "இருக்கட்டும்பா. கோயில்லயும் என் எடம் கதவாண்டதான்" என்றார்.

மாமா, கோயிலில் நீங்கள் பீடத்தைப் பார்த்து நின்று பாடுவீர்கள். கடைசி வரிசையில் அம்மா குரல் கொஞ்சம் மேலே கிளம்பினால், திரும்பிக்கூடப் பார்க்காமல் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, உள்ளங்கையால் காற்றை ஒரு முறை கீழே அழுத்துவீர்கள். அம்மா அதோடு உதட்டை மட்டும் அசைப்பார். சின்ன வயதில் அதுவும் பூசையில் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தேன். ஸ்டுடியோவில் சரணம் மேலே ஏறுகிற இடம் வந்ததும் அம்மா ஒரு நொடி நிறுத்தினார். எதற்கு நிறுத்துகிறார் என்று தென்னரசு அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கீழே அழுத்துகிற கை வரவில்லை. அப்புறம் அம்மா மேலே போனார் பாருங்கள் மாமா, ஆறடி தள்ளி நின்றும் சத்தம் அளவு மீறித் திரையில் சிவப்பு எரிந்தது, கீழே மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டு மாடிப்படியில் பாதி வரை ஏறிவந்து எட்டிப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ட்ராக்கைத்தான் எல்லாவற்றுக்கும் கீழே, கேட்டும் கேட்காமலும் வைத்தேன். உங்கள் கை எனக்கும் பழகிப்போனதுதானே.

இந்தச் செவ்வாய்க்கிழமை பாட்டை பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். மைக்செட் நெடுஞ்செழியன் அண்ணன் கோயில் புங்கமரத்தில் குழாயைக் கட்டி முடித்திருந்தார். போட்டார். நான் இரண்டு வாரமாக ஹெட்போனில் கேட்டுக்கேட்டுச் செய்த பாட்டு அது, மாமா. குழாய்க்கு அடிக்குரல் ஏறாது என்பதை யோசிக்கவே இல்லை. ஹெட்போனில் கிணற்றுக்குள்ளிருந்து எழுகிற மாதிரி கேட்ட உங்கள் குரல் குழாயில் வெறும் கரகரப்பாக வந்தது, மற்ற யாரும் வரவே இல்லை. பக்கத்துத் தெரு செண்பகம் அக்கா ஒயர் கூடையோடு ஓடிவந்து, "வண்டி எங்க நிக்கிதும்மா, வெங்காயம் கிலோ எவ்ளோ சொல்றான்?" என்றார். நெடுஞ்செழியன் அண்ணன் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒலக்கூர் வரைக்கும் கேக்கும் பாப்பா. இன்னா விக்கிறாங்கன்னுதான் தெரியாது."

கொடியேற்றத்துக்கு மூன்று நாள் இருந்தது. நேற்று காலை முதல் பஸ்ஸில் ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்தேன். முதலில் பழக்கதோஷத்தில் உங்களை எட்டாவது முறையாக ஏற்றினேன், கரகரப்பு கூடியது. எல்லோரையும் ஏற்றினேன், திரை முழுக்கச் சிவப்பு. ஏற்றுவதற்கு மேலே இடமே இல்லை என்ற பிறகுதான், இந்தப் பட்டைகள் கீழேயும் போகும் என்பது எனக்கு உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பட்டையைத் தொட்டேன். ஒவ்வொரு கோடு இறக்கும்போதும் 'மன்னிச்சிடுங்க மாமா' என்றேன். "யார்கிட்ட பேசிக்கினு இருக்க?" என்று தென்னரசு அண்ணன் கேட்டார். கீபோர்டையும் இறக்கினேன். ஆரோக்கியசெல்வி அக்காவை இறக்கி ஓர் இடத்தில் மட்டும் தனியாக விட்டேன், மாமியாருக்கு அது போதும். கடைசியில் எட்டாவது ட்ராக்கை விரல்கடை அளவுக்கு ஏற்றினேன். வேறு எந்த வித்தையும் செய்யவில்லை, சத்தியமாக.

பாட்டு நிமிர்ந்துவிட்டது மாமா. சந்தேகத்துக்கு உங்கள் குரலை மொத்தமாக எடுத்துவிட்டும் கேட்டுப் பார்த்தேன். அம்மா குரல் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தனியாகப் படபடத்தது. உங்களைத் திரும்பக் கொண்டுவந்து அடியில் வைத்ததும் அடங்கி நின்றது. நீங்கள் முன்னால் நின்றபோது பாட்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கீழே போனதும் அது உங்கள் தோளில் ஏறி நிற்கிறது. இதைவிடச் சரியாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

என்னைக் காலேஜில் சேர்க்கும்போது, படிக்கவைத்தால் எதிர்த்துப் பேசுவாள் என்று ஊரில் சொன்னார்கள். "எங்க ஜெர்லின் வாயே தொறக்காது" என்று சொல்லி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தான். அந்தக் கையெழுத்துக்கு நான் துரோகம் செய்யமாட்டேன். பழைய பாட்டு, புதிய பாட்டு இரண்டும் இதோ என் பைக்குள்தான் இருக்கின்றன. உங்கள் சொல் வரும்வரை எதையும் யாரிடமும் தரமாட்டேன். பழையதைப் போடு என்றால் 'சரிங்க மாமா' என்று போட்டுவிடுவேன். வெங்காயம் கேட்டு வருகிறவர்களுக்கு நெடுஞ்செழியன் அண்ணன் பதில் சொல்லிக்கொள்வார்.

கடிதத்தை உங்கள் தெருவிலேயே குடியிருக்கும் லூர்து பிரகாஷ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். கீபோர்டை இறக்கியது அவருக்கு இன்னும் தெரியாது. உறையில் ஐந்து பின் அடிப்பேன். நான்கு இருந்தால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தைக்கு என் அன்பு. மாதா உங்கள் தொண்டையையும் அத்தையின் முட்டியையும் காக்கட்டும்.

என்றும் கீழ்ப்படிதலுள்ள,
ஜெர்லின்

பி.கு.: மேலே ஒரு பொய் இருக்கிறது மாமா. பையில் பழைய பாட்டு மட்டும்தான் இருக்கிறது. புதியதை இன்று காலை பஸ் ஏறுவதற்கு முன்பே நெடுஞ்செழியன் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்டால் 'சரிங்க மாமா' என்று சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் கேட்காமல் கொடுத்தேன். அவர் உடனே போட்டுவிட்டார். நான் அப்போது கொல்லை வரப்பில் அம்மாவோடு நின்றிருந்தேன். அம்மா களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு முழுப் பாட்டையும் கேட்டார். "அடியில தாங்கிக்கினு வருது பாரு, அது எங்கண்ணன் கொரலு. எங்க இருந்தாலும் தெரியும்" என்றார். அப்புறம், "மேல பாடறது யாருடி? காசு குடுத்து ஆள் இட்டாந்தீங்களா?" என்றார். நீங்கதாம்மா என்றேன். போடி, பொய் சொல்லாதே என்று சிரித்துவிட்டு மறுபடி குனிந்துவிட்டார். மாமா, நாளைக்குக் கொடியேறும்போது அந்தப் பாட்டு ஓடும். நீங்கள் வழக்கம்போல் முன்னால்தான் நிற்பீர்கள். சரணம் மேலே ஏறும்போது ஒரே ஒரு முறை திரும்பி, கதவோரம் நிற்கிறவரிடம், மேரி, இது நீதான் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டார்.