மோட்டாருக்கு எட்டாம் நம்பர் பின்

ஞாயித்துக்கிழமை காலைல எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. எங்க ஸ்ரீரங்கம் அபார்ட்மெண்ட்ல மொட்டை மாடி டேங்குக்குத் தண்ணி ஏறிடுச்சான்னு பாக்கணும்.

பாத்துட்டு வந்து காபி குடிச்சிருக்கலாம். ஆனா அந்த மோட்டாரைத் தானா ஓட வைக்கிற போர்டைப் பண்ணினதே நான்தானே! தென்னூர் ஆபீஸ்ல எனக்குப் பொழப்பே அதுதான். கம்ப்யூட்டர் சொல்றதை மெஷின் கேக்குற மாதிரி டிரைவர் சாஃப்ட்வேர் எழுதுறது.

ஆபீஸ்ல ஜூனியருங்ககிட்ட தினமும் ஒரே பாட்டு பாடுவேன். "போர்டுல எந்த வயர் எந்த நம்பர் பின்ல மாட்டியிருக்குங்கிறதை ப்ரோகிராம் கோடுக்குள்ள புதைக்காதீங்கப்பா! வெளிய செட்டிங்ஸ்ல வைங்க. யார் வேணா மாத்திக்கலாம்!"

ஊருக்கு உபதேசம் பண்ணினா வீட்லயும் செய்யணும்ல? செஞ்சேன். ஃபோன்லயே மாத்துற மாதிரி ஒரு பக்கம், அதுல பதினாலு கட்டம். மோட்டார்: பின் 8. டேங்க் ரொம்பினா கத்துற சைரன்: பின் 9. மாடிப்படி லைட்டுக்குக்கூட ஒரு கட்டம்.

அசோசியேஷன் செகரட்டரி ரங்கராஜன் மாமாவுக்கும் பாஸ்வேர்டு கொடுத்தேன். "பேஷ், பேஷ்! எல்லாம் நம்ம கையிலயே இருக்கே!"ன்னார். எனக்குத் தலைகால் புரியலை.

அந்த ஞாயித்துக்கிழமை ரெண்டாவது மாடி மல்லிகா அக்கா பொண்ணுக்கு வளைகாப்பு. பத்து மணிக்கு. சமையல் ஆளுங்க விடிகாலைலயே வந்து டேங்கைக் காலி பண்ணிட்டாங்க.

ஏழரைக்கு மோட்டார் ஓடணும். ஓடலை. சைரன் கத்திச்சு!

"தண்ணி ரொம்பிடுச்சு போல"ன்னார் என் வீட்டுக்காரர், பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காம. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை பாக்குற மனுஷன். சைரனெல்லாம் அவருக்குத் தாலாட்டு.

மாடிக்கு ஓடிப்போய் டேங்கைத் திறந்தேன். அடித்தரை தெரியுது!

ஃபோனைப் பாத்தேன். மோட்டார்: பின் 9. அடப்பாவி, அது சைரனோட பின்னாச்சே! மோட்டாரை ஓடுன்னு சொன்னா சைரன்தானே கத்தும்?

8-ன்னு மாத்தினேன். மோட்டார் ஓடிச்சு. அப்பாடா!

ரெண்டே நிமிஷம். மறுபடியும் சைரன். போய்ப் பாத்தா மறுபடியும் 9.

நான் 8 போட்டேன். அது 9 ஆச்சு. நான் 8. அது 9.

"மெமரி சிப் கோளாறுங்க"ன்னேன் வீட்டுக்காரர்கிட்ட. "கம்ப்யூட்டர் கணக்குல எட்டுக்கும் ஒம்பதுக்கும் ஒரே ஒரு பிட்டுதான் வித்தியாசம். கடைசி பிட்டு தானா மாறுது. எல்லாம் அந்த செல்ஃபோன் டவரால!"

"பழைய ஸ்விட்சைப் போட்டு மோட்டாரை ஓட விடேன்?"

"அதை நான்தான் கழட்டிப் போட்டுட்டேன்ல!"

அவர் பேப்பரை மடிச்சு வச்சாரு. அதுதான் ரொம்ப வலிச்சுது.

டவர் அலையைத் தடுக்கணுமே? சப்பாத்தி சுத்துற அலுமினியத் தாளை உருவிட்டுக் கிளம்பினேன். வாசல்ல மல்லிகா அக்கா, பட்டுப் புடவையும் காலி குடமுமா நின்னாங்க.

"ஏம்மா, காந்தி மார்க்கெட்லேர்ந்து வந்த கத்திரிக்கா கழுவாம கிடக்கு. சமையல்காரர் அடுப்பை அணைச்சிட்டு உக்காந்துட்டாரு. எண்பது பேரு வராங்க. பொண்ணு இன்னும் குளிக்கவே இல்ல!"

"பத்தே நிமிஷம்க்கா"ன்னேன். வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு குளிக்காம காத்துக்கிட்டு இருக்கா, காரணம் நான்!

கீழ மோட்டார் ரூமுக்கு ஓடினேன். போர்டு இருந்த டப்பா முன்னாடி ரங்கராஜன் மாமா வேர்த்து விறுவிறுத்து நிக்கிறார். கைல ஃபோன்.

"வாம்மா, நல்ல வேளை வந்தே! எவனோ விஷமி உள்ள புகுந்துட்டான். நான் ஒம்பது போடப் போட, எட்டாக்கிண்டே இருக்கான்!"

அலுமினியத் தாளை மெதுவா முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சேன்.

"அந்த விஷமி நான்தான் மாமா. நீங்க ஏன் ஒம்பது போடுறீங்க?"

"எட்டு சனியோட நம்பராச்சே! சுபகாரியம் நடக்கிற நாள்ல யாராவது மோட்டாரை எட்டுல வைப்பாளோ? யார் வேணா மாத்திக்கலாம்னு நீதானே சொன்னே?"

"வயர் எட்டுலதான் மாமா மாட்டியிருக்கு. ஒம்பதுல சைரன் இருக்கு."

"அப்போ சைரனை எட்டுக்கு அனுப்பிடு. சனி அங்க கத்திண்டு கிடக்கட்டும்."

மணி எட்டே முக்கால். இவர்கிட்ட எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு ஆவாது. நெத்தியில பளிச்சுனு இருந்த திருமண்ணைப் பாத்தேன்.

"மாமா, அஷ்டாட்சர மந்திரத்துக்கு எத்தனை எழுத்து?"

"எட்டு..."ன்னார் மாமா. அப்புறம் பட்பட்டுன்னு கன்னத்துல போட்டுண்டார்.

"அபசாரம், அபசாரம்! பெருமாள் மந்திரத்தோட நம்பரையா தள்ளி வச்சேன்?"

அவர் கையாலயே 8 போட்டார். மோட்டார் ஓடிச்சு. தண்ணி ஏறிச்சு. பொண்ணு குளிச்சா, கத்திரிக்கா கொதிச்சுது, பத்தே காலுக்கு வளையல் அடுக்கிட்டாங்க. நான் வெக்கமே இல்லாம புளியோதரை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலைல கதவைத் திறந்தா மாடிப்படில அருவி கொட்டுது!

செட்டிங்ஸைப் பாத்தேன். மாமா பக்தியோட பதினாலு கட்டத்துலயும் 8 போட்டு வச்சிருக்கார். டேங்க் ரொம்பினதும் போர்டு மோட்டாரை நிறுத்தியிருக்கு. உடனே சைரனைக் கத்தச் சொல்லியிருக்கு. சைரனும் எட்டுதானே? மோட்டார் மறுபடி ஓட ஆரம்பிச்சிருக்கு.

"எல்லாத்துக்கும் பெருமாள் துணை இருக்கட்டுமேன்னுதாம்மா..."ன்னார் மாமா, முழங்கால் வரைக்கும் வேஷ்டியைத் தூக்கிப் பிடிச்சுண்டு.

அன்னிக்கே பின் நம்பரையெல்லாம் கோடுக்குள்ள புதைச்சேன். ஆழமா. ஆபீஸ்லயும் இப்ப அந்தப் பாட்டைப் பாடுறது இல்லை.

மாமா மனசு நோகக்கூடாதேன்னு ஒரே ஒரு கட்டம் மட்டும் விட்டு வச்சிருக்கேன்: ஸ்க்ரீன் கலர்.

மாமா மஞ்சளாக்கிட்டார். அதுலேர்ந்து தண்ணி வேகமா ஏறுதாம்.